ஆடும் கழிப்பறைப் பீங்கான்: போல்ட்டை இறுக்குவதற்கு முன்

கேள்வி: எங்கள் குளியலறையில் உள்ள வெஸ்டர்ன் டாய்லெட் உட்காரும்போது இலேசாக ஆடுகிறது. அடியிலுள்ள டைல்ஸ் தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. போல்ட்டுகளை இறுக்கினாலும் சில நாட்களில் மீண்டும் ஆடத் தொடங்கிவிடுகிறது. சுற்றிலும் வெள்ளை சிமென்ட் பூசிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: வெள்ளை சிமென்ட் ஆட்டத்தைச் சிறிது காலம் மறைக்குமே தவிரத் தீர்க்காது. பீங்கானின் விளிம்பில் பூசிய மெல்லிய சிமென்ட், உட்காருபவரின் எடை மாறி மாறி விழும்போது முதலில் விரிசல் விட்டு, பின்னர் பொடிப்பொடியாக உதிரும். அதைவிட முக்கியமாக, போல்ட்டை மேலும் இறுக்குவதை இன்றே நிறுத்திவிடுங்கள். தரையில் ஏற்கெனவே நன்றாகப் படிந்திருக்கும் பீங்கானை நகராமல் பிடித்துக்கொள்வது மட்டுமே போல்ட்டின் வேலை. அடியிலுள்ள இடைவெளியை இழுத்து மூடுவது அதன் வேலையன்று. பீங்கான் சற்றும் வளைந்து கொடுக்காது. இடைவெளிக்கு மேலே அதை இறுக்கிக்கொண்டே போனால், அடிப்பாகம் போல்ட் துளையை ஒட்டி விரிசல் விட்டுவிடும். அப்படி விரிசல் விட்ட பீங்கானை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது வேறு, மேடுபள்ளமாக இருப்பது வேறு. தண்ணீர் வடிவதற்காகக் குளியலறைத் தரையைச் சற்றுச் சாய்வாகவே அமைப்பார்கள். சாய்வு ஒரே சீராக இருந்தால் பீங்கான் சாய்ந்து நிற்கும், ஆனால் ஆடாது. ஒரு டைல் தூக்கிக்கொண்டிருக்கும்போதோ ஒரு மூலை தாழ்ந்திருக்கும்போதோதான், ஒரு கால் குட்டையான நாற்காலியைப் போல அது ஆடுகிறது. சில வேளைகளில் தரையின் மீது குற்றமே இருக்காது. சூளையில் வேகும்போது பீங்கானின் அடிப்பகுதி சற்றுக் கோணியிருக்கக்கூடும். ஆகவே ரசமட்டத்தைப் பீங்கானின் மேல் விளிம்பில் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துப் பாருங்கள். அதன்பின் ஒரு கெட்டியான அட்டையை அடிப்பாகத்தைச் சுற்றிலும் நுழைத்துப் பார்த்து, அது உள்ளே போகும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள டைல்களைத் தட்டிப் பார்ப்பதும் அவசியம். வெற்றோசை கேட்டால் அடியில் கலவை பிடிப்பின்றி இருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலே எதைச் செய்தாலும் நிலைக்காது.

ஆட்டம் சிறியதுதானே என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத அடைப்பு வளையம். கழிவு தரைவழியாக இறங்கும் அமைப்பில், பீங்கானுக்கும் குழாய்க்கும் இடையே மெழுகு வளையமோ ரப்பர் வளையமோ இருக்கும். மெழுகு ஒருமுறை நசுங்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. பீங்கான் ஒவ்வொரு முறை ஆடும்போதும் அந்த மெழுகில் சிறு வழி திறக்கிறது. அதன் வழியே கழிவுநீர் டைல்ஸுக்கு அடியில் கசிகிறது, சாக்கடை வாயுவும் அறைக்குள் வருகிறது. எனவே துர்நாற்றமோ அடியில் ஈரமோ இருந்தால், அல்லது நெடுநாளாகவே ஆடிக்கொண்டிருந்தால், பீங்கானைத் தூக்கிப் புதிய வளையம் வைத்தே ஆக வேண்டும். கழிவுக்குழாய் சுவர்வழியாகச் செல்லும் அமைப்பில் ரப்பர் இணைப்பு ஓரளவு அசைவைத் தாங்கும் என்றாலும், நாளடைவில் அந்த இணைப்பும் நெகிழ்ந்துவிடும்.

ஈரமோ நாற்றமோ இல்லை, ஆட்டம் அண்மையில்தான் தொடங்கியது, இடைவெளியும் சில மில்லிமீட்டர்தான் என்றால், தூக்காமலே சரிசெய்யலாம். நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, குறித்த இடங்களில் பிளாஸ்டிக் ஆப்புகளைக் கையால் அழுத்திச் செருகுங்கள். சுத்தியலால் அடிக்கக் கூடாது. மரத்துண்டு ஈரத்தில் உளுத்துவிடும், அட்டை கரைந்துவிடும், இரும்புத் தகடு துருப்பிடிக்கும் என்பதால் பிளாஸ்டிக்கையே பயன்படுத்துங்கள். ஒரே இடத்தில் தடித்த ஆப்பைத் திணிப்பதைவிட, இருபுறமும் மெல்லிய ஆப்புகளாகப் பகிர்ந்து வைப்பது நல்லது. போல்ட் இல்லாமலே பீங்கான் அசையாது நிற்க வேண்டும். நான் நம்பும் சோதனை இதுவே.

தூக்க வேண்டியிருந்தால், தண்ணீர் வால்வை மூடி, ஃபிளஷ் செய்து, மிச்சத் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தபின், இருவராகச் சேர்ந்து நேராக மேலே தூக்குங்கள். குழாயின் வாயைத் துணியால் அடைத்துவைத்தால் வாயு அறைக்குள் வராது. பழைய மெழுகை முழுதும் சுரண்டிவிடுங்கள். பலரும் விட்டுவிடும் கட்டம் அடுத்து வருகிறது: புதிய வளையம் வைக்காமல் பீங்கானை ஒருமுறை வெறுமனே இறக்கி, ஆப்புகளைப் பொருத்தி, ஆடாமல் நிற்கிறதா என்று உறுதி செய்து, அவற்றின் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். வளையத்தை வைத்தபின் ஆட்டி ஆட்டிச் சரிபார்த்தால் புதிய மெழுகும் வீணாகிவிடும். ஆப்பு வைப்பதால் பீங்கான் சற்று உயர்கிறது என்பதால் வளையம் முன்னைவிடக் குறைவாகவே நசுங்கும். ஆகவே தடித்த வளையம் தேவைப்படலாம். குழாயின் மேல்விளிம்பு டைல் மட்டத்துக்குக் கீழே இருந்தாலும் இதே கவனம் வேண்டும்.

இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஆப்புகளை நம்ப வேண்டாம். தரையைச் சமப்படுத்துங்கள், அல்லது அடிப்பாகம் முழுதும் படியுமாறு சிமென்ட் கலவையைப் படுக்கையாகப் பரப்பி அதன்மேல் பீங்கானை இறக்குங்கள். அடிப்பாகத்தில் முன்கூட்டியே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்தால், பின்னாளில் உடையாமல் கழற்ற முடியும். கலவை நன்றாக இறுகும்வரை யாரும் உட்காரக் கூடாது.

நட்டுகளை இருபுறமும் மாறி மாறிக் கால் சுற்று வீதம் இறுக்கி, அசைவு நின்றவுடன் விட்டுவிடுங்கள். பின்னர் ஃபிளஷ் டேங்கில் சிறிது நிறத்தைக் கலந்து சிலமுறை ஃபிளஷ் செய்து, அடிப்பாகத்தைச் சுற்றி டிஷ்யூ தாளை வைத்துப் பாருங்கள். தாள் நிறம் மாறாமல் இருந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆப்பு முனைகளை வெட்டிவிட்டு, வெள்ளை சிமென்டுக்குப் பதிலாகச் சிலிகான் பூசுங்கள். சற்று நெகிழும் தன்மையுள்ளதால் அது உதிராது, தேவைப்படும்போது கத்தியால் அறுத்தும் எடுக்கலாம். பின்பக்கத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பூசாமல் விடுங்கள். பின்னாளில் வளையம் கசிந்தால், தண்ணீர் அடியிலேயே தேங்காமல் அந்த வழியே வெளிவந்து உங்கள் கண்ணில் படும்.