பேஸ்பால் தெரியாதவர் பேஸ்பால் ஹைக்கூவை ரசிக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஒரு பேஸ்பால் ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்திராத காலத்தில் நான் ஒரே ஒரு ஹைக்கூவில் மாட்டிக்கொண்டேன், விதிகளைத் தேடிப் படித்ததெல்லாம் அதற்கப்புறம்தான். எழுதியவர் மசாவோகா ஷிகி. ஜப்பானிய ஹைக்கூவின் பெரும் பெயர்களான பாஷோ, பூசோன், இஸ்ஸா வரிசையில் வைத்துப் பேசப்படும் கவிஞர். 1898இல் எழுதியதை என் தமிழில் தருகிறேன்:

கோடைப்புல்
பேஸ்பால் ஆடுகிறவர்கள்
தொலைவில்

அவ்வளவுதான் கவிதை. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றினால் மூலத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: நட்சுகுச ய / பேசுபோரு நொ / ஹிதொ தோஷி. ஹைக்கூவில் ஐந்து, ஏழு, ஐந்து என்று எண்ணுவது கிட்டத்தட்ட நம் மாத்திரைக் கணக்கு மாதிரிதான், நெட்டெழுத்துக்கு இரண்டு. பே இரண்டு, சு ஒன்று, போ இரண்டு, ரு ஒன்று, 'உடைய' என்று பொருள்படும் நொ ஒன்று, மொத்தம் ஏழு. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு விளையாட்டின் பெயர் நடுவரி முழுவதையும் நிரப்பிக்கொண்டு நிற்கிறது, இடித்துக்கொள்ளவே இல்லை!

இன்னொன்றும் உண்டு. 'நட்சுகுச ய' என்று ஆரம்பித்தாலே ஜப்பானிய வாசகருக்கு பாஷோ வந்துவிடுவார். 1689 பயணத்தில் ஹிராயிசுமியின் பழைய போர்க்களத்தில் நின்று, வீரர்கள் கண்ட கனவில் மிச்சம் இந்தக் கோடைப்புல்தான் என்று அவர் எழுதிய கவிதை அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. அதே புல்லில் ஷிகி மட்டையும் பந்துமாக இளைஞர்களை நிறுத்துகிறார். அவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள், ஆனாலும் தூரத்தில் இருக்கிறார்கள்.

ஏன் தூரம் என்பதற்கு அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவராக இருந்தபோது ஷிகிக்கு பேஸ்பால் பித்து, டோக்கியோவின் உவேனோ பூங்காவில் கேட்சராக (அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) ஆடியவர், மட்டையைப் பிடித்தபடி எடுத்த படம்கூட இருக்கிறது. 1889இல் இருமலில் ரத்தம் வந்தது, காசநோய். பிறகு அது முதுகெலும்புக்கு இறங்கி, 'தொலைவில்' என்று எழுதிய வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். 1902இல் இறந்தபோது வயது 34.

போன வருஷம் கணுக்கால் முறிந்து ஆறு வாரம் ஜன்னலோரம் படுத்திருந்தேன். எதிர் மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மட்டை சுழல்வது முதலில் தெரியும், சத்தம் ஒரு கணம் கழித்துத்தான் வரும். அந்த ஒரு கணத்தில்தான் 'தொலைவில்' என்று நான் தமிழாக்கிய 'தோஷி' என்ற சொல் எனக்கு முழுசாகப் புரிந்தது. என் கால் சரியாகிவிட்டது, அவருக்கு அந்த வழியே இருக்கவில்லை.

சரி, விதிகள் எவ்வளவு தெரிய வேண்டும்? மிகக் கொஞ்சம். 1896இல் ஷிகியே ஒரு செய்தித்தாளில் இந்த ஆட்டத்தை விளக்கி எழுதினார். பந்து ஒன்றே ஒன்றுதான், அது போகும் இடம்தான் ஆட்டத்தின் மையம் என்பது அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். அடிப்பவர், ஓடுபவர் என்பதற்கெல்லாம் அவர் அப்போது போட்ட ஜப்பானியச் சொற்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. இதோடு 'பேஸ்' என்றால் ஓடுபவர் பாதுகாப்பாக நிற்கும் இடம் என்று தெரிந்தால் போதும். மூன்று பேஸிலும் ஆள் நிறைந்துவிட்டது, நெஞ்சு படபடக்கிறது என்று அவர் எழுதிய ஒரு பாட்டு இருக்கிறது (அது ஹைக்கூ இல்லை, ஐந்து வரித் தான்கா), அதன் பரபரப்பு உடனே பிடிபடும். அடுத்த அடியில் மூவரும் ஓடி வந்து ஓட்டம் எடுத்துவிடலாம், ஒருவருமே வராமலும் போகலாம்.

பருவம் இல்லாமல் மரபு ஹைக்கூ இல்லை என்பார்கள். பேஸ்பால் அதற்குள்ளும் புகுந்துவிட்டது. இரவு ஆட்டத்தைக் குறிக்க ஜப்பானியர் உண்டாக்கிய 'நைட்டா' என்ற சொல் இன்று கோடைக்கான பருவச்சொல். அந்த ஒரு சொல் வந்தாலே புழுக்கமும் விளக்கு வெளிச்சமும் வந்துவிடும்.

படிக்கும் முறை என்று என்னைக் கேட்டால், ஒரே மூச்சில் இருபது ஹைக்கூ படிக்காதீர்கள். இரண்டு போதும். 1890 வசந்தத்தில், இருபத்திரண்டு வயதில், ஷிகி எழுதியதிலிருந்து தொடங்கலாம்:

வசந்தக் காற்று
பந்தை எறிய ஆசையாயிருக்கும்
புல்வெளி

ரத்தம் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது, கை இன்னும் பந்தைத்தான் கேட்கிறது. அவர் ஆடிய அதே உவேனோவில் இப்போது அவர் பெயரில் ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது, பக்கத்தில் கல்லில் இந்தக் கவிதையைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு ஒரு நாள் விடுங்கள், அப்புறம் கோடைப்புல்லுக்கு வாருங்கள்.