பட்டர் பன்னுக்குள் வெண்ணெயா, மார்ஜரினா?

கேள்வி: என் கணவர் வேலைக்குப் போகும்போது டீக்கடையில் தினமும் ஒரு பட்டர் பன் சாப்பிடுவார். இப்போது எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு கூடியிருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. 'அது வெண்ணெய் இல்லை, மார்ஜரின்' என்கிறார்கள். வீட்டிலேயே வெண்ணெய் தடவிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சரியாகாது, அம்மா. தினமும் என்றால் அவருக்கு இரண்டுமே வேண்டாம்.

100 கிராம் வெண்ணெயில் சுமார் 80 கிராம் கொழுப்பு. அதில் 50 கிராமுக்குச் சற்று மேல் நிறைவுற்ற கொழுப்பு; எல்.டி.எல்.லை ஏற்றுவது அதுதான். ஒரு மேஜைக்கரண்டி, அதாவது 14 கிராம் தடவினால் நிறைவுற்ற கொழுப்பு 7 கிராம் உள்ளே போகும். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாள் முழுக்க 22 கிராம்தான். பால், டீ, தாளிப்பு எதையும் கணக்கில் சேர்ப்பதற்கு முன்பே மூன்றில் ஒரு பங்கு தீர்ந்துவிடுகிறது.

மார்ஜரின், எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்வது. அந்தக் காலத்தில் ஹைட்ரஜனைப் பாதியளவு ஏற்றிக் கெட்டியாக்கினார்கள். அப்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றுவதோடு நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லையும் இறக்கும். வெண்ணெயைவிடக் கெடுதல் என்ற பெயர் வந்தது அதனால்தான். 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்தப் பயம் குறைந்திருக்கிறது. ஆனால் இப்போது கெட்டித்தன்மைக்குப் பாமாயில் கொழுப்பைச் சேர்க்கிறார்கள். பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்றதே.

இதயத்துக்கு நல்லது என்று வெளிநாட்டுச் செய்திகளில் படிப்பது, சூரியகாந்தி, சோயா எண்ணெய் அதிகம் சேர்த்து டப்பாவில் வரும் மென்மையான மார்ஜரின். பேக்கரிக்குப் பெட்டியில் வரும் கட்டி வேறு சரக்கு. பெயர் ஒன்றாக இருப்பதால் ரொம்பப் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

கடை பன்னில் இருப்பதை ஓரளவு ஊகிக்கலாம். வெண்ணெய் உடல் சூட்டுக்குக் கீழேயே உருகும். சித்திரை வெயிலில் ராயபுரம் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அது உருகி பன்னில் இறங்கிவிடும். கெட்டியாக நின்று, சாப்பிடும்போது அண்ணத்தில் மெழுகுபோல ஒட்டினால் அது பெரும்பாலும் தாவரக் கொழுப்புதான். நம் ஊர் வெயிலைத் தாங்கும் என்பதாலும், விலை குறைவு என்பதாலும் கடைக்காரர்கள் அதை எடுக்கிறார்கள். சர்க்கரை சேர்த்து அடித்த கிரீம் என்றால் இன்னும் மோசம்.

பன்னுக்குப் பதில் இரண்டு இட்லி, மிளகாய்ப்பொடி, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் கொடுத்தனுப்புங்கள். நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏழில் ஒரு பங்குதான். பட்டர் பன் ஆசைக்கு மாதம் ஒரு தடவை இருக்கட்டும். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

கேள்வி: கடையில் 'ஃபேட் ஸ்ப்ரெட்' டப்பா வாங்கினேன். அதில் தோசை சுட்டால் படபடவென்று தெறிக்கிறதே?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: அது வெண்ணெய் இல்லை. கொழுப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிச் செய்த பொருள். தண்ணீர் சூடான கல்லில் பட்டுத் தெறிக்கிறது. ரொட்டியில் தடவத்தான் ஆகும். வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் 100 கிராமுக்கு நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ், சோடியம் மூன்றையும் பாருங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர் உப்பு சேர்த்த வெண்ணெயையும் யோசித்து வாங்க வேண்டும்.

கேள்வி: முறுக்கு மாவுக்கு மார்ஜரின் போடலாமா?
- வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: போட்டால் முறுக்கு வரும், வெண்ணெய் மணம் வராது. 4 கப் அரிசி மாவு, 1 கப் வறுத்த உளுத்தம் மாவுக்கு 2 மேஜைக்கரண்டி போதும். கூடினால் எண்ணெயில் உடைந்து பிரியும், குறைந்தால் கல்லாகும். உப்பு கலந்த மார்ஜரின் என்றால் மாவில் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.