ஆறு மாத மாத்திரையைப் பெட்டியில் அடைப்பதற்கு முன்

தம்பி, அடுத்த மாதம் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறேன், டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5 சேர்ந்த பிபி மாத்திரை ஒரு வருடமாகப் போகிறது, ஆறு மாதத்துக்கு வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா, அங்கே விலை எப்படி, சாயங்காலமானால் கால் வீங்குகிறதே, வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன எடுத்து வர என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கும் ஸ்வெட்டருக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். மாத்திரை விஷயத்தில்தான் எங்கள் காலத்தில் வந்தவர்கள் செய்த அதே தப்பை இன்று இறங்குகிறவர்களும் செய்கிறார்கள்.

மாத்திரையைக் கம்பெனி வைத்த பெயரால் மட்டும் தெரிந்து வைத்திருப்பதுதான் அந்தத் தப்பு. அந்தப் பெயர் எல்லை தாண்டினால் செல்லாது. ஃபைசர் கொண்டுவந்த அம்லோடிபின் அமெரிக்காவில் நார்வாஸ்க், பிரிட்டனில் இஸ்டின், பிரான்ஸில் அம்லோர். இதிலாவது உள்ளே இருப்பது ஒன்றே. டிலாகார் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது டில்டியாசெம். செர்பியாவில் அதே பெயரில் இருந்தது டிகாக்சின். முன்னது பிபிக்கும் நெஞ்சுவலிக்கும் கொடுப்பது. பின்னது கொஞ்சம் கூடினாலும் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அதனால் அட்டையைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, இந்த மூன்றையும் டாக்டரிடம் ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

மூலப்பெயரிலும் பொறி உண்டு. ஊரில் எஸ்-அம்லோடிபின் 2.5 சாப்பிடுகிறவர் இங்கே வந்து வெறும் அம்லோடிபின் 2.5 வாங்கினால் பாதி டோஸ்தான் போகும். எஸ் வகையில் 2.5 என்பது சாதா அம்லோடிபினில் 5-க்குச் சமம். மெட்டோப்ரோலால் சக்சினேட் என்ற பிபி மருந்து 47.5 என்று சில நாடுகளில் பெட்டியில் இருக்கும். அது வேறு எதுவும் இல்லை, உங்கள் 50 தான், மருந்தோடு சேர்ந்திருக்கிற உப்பு வகையைக் கணக்கிடும் விதம் வேறு. சில்னிடிபின் என்ற பிபி மருந்து இந்தியாவிலும் ஜப்பானிலும் சாதாரணமாகக் கிடைக்கும், அமெரிக்காவில் அதைப் பதிவே செய்யவில்லை. அதைச் சாப்பிடுகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைக் கேட்டு எங்கும் கிடைக்கிற மருந்துக்கு மாறி, அது ஒத்துக்கொள்கிறதா என்று வீட்டில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். இங்கே டாக்டர் டெல்மிசார்டானை அதே வகையைச் சேர்ந்த லோசார்டானாக மாற்றினால் எண்ணுக்கு எண் பொருத்திப் பார்க்காதீர்கள். 40-க்குப் பதில் 50 வந்தால் டோஸ் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை, அந்த மருந்தின் அளவுகோலே வேறு.

ஆறு மாதம் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதம் வரை பல நாடுகள் விடும். ஜப்பானில் ஒரு மாத அளவைத் தாண்டினால் முன்கூட்டியே அனுமதிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். போகிற நாட்டின் சுங்க விதியைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

இடம் மிச்சம் என்று அட்டையிலிருந்து உரித்து ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டு வருகிறவர்களை என்ன சொல்வது! சுங்கத்தில் பெயரில்லாத மாத்திரை சந்தேகப் பொருள், அது ஒரு பக்கம். டெல்மிசார்டான் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற மருந்து. அதற்காகத்தான் அதை அலுமினிய அட்டையில் அடைக்கிறார்கள். உரித்து வைத்தால் ஓரம் மெத்தென்று ஆகி, விரலில் மாவு ஒட்டும். ஞாயிறு, திங்கள் என்று கட்டம் போட்ட வாராந்தர டப்பாவும் இதற்கு ஆகாது. வாயில் போடுகிற நேரத்தில்தான் உரிக்க வேண்டும்.

இப்போது கால் வீக்கம். அது அம்லோடிபின் வேலை. 5-ஐ விட 10-இல் அதிகம் வரும். சின்ன தமனிகளை அது நன்றாக விரிக்கும், சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. வரத்து கூடி வடிகால் அப்படியே இருந்தால் நீர் கசியத்தானே செய்யும்? உடம்பில் நீர் கூடியதால் வருகிற வீக்கமில்லை என்பதால் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. டெல்மிசார்டான் சிரையையும் கொஞ்சம் தளர்த்துகிறது, அதோடு சேர்த்துக் கொடுக்கும்போது வீக்கம் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியும் தொல்லை என்றால் டோஸைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் டாக்டர் பார்த்துச் செய்வது. நீங்கள் செய்ய வேண்டியது, கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பார்ப்பது. இரண்டு காலிலும் ஒரே மாதிரி குழி விழுந்து, காலையில் வற்றிவிட்டால் பெரும்பாலும் மாத்திரைதான். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்தால் மாத்திரை மேல் பழி போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனை. வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலும் அப்படியே.

இங்கே வந்ததும் 'ப்ரில்' என்று முடிகிற மருந்துக்கு மாற்றினால், ராமிப்ரில், லிசினோப்ரில் மாதிரி, சுமார் பத்தில் ஒருவருக்கு வறட்டு இருமல் வரும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாதக்கணக்கில் கஷாயம் குடிப்பவர்கள் உண்டு. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் நாலு வாரத்துக்குள் அடங்கிவிடும். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது, ஆம்புலன்ஸ்தான். சளிக்கு டாக்டர் சீட்டில்லாமல் வாங்குகிற மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் பிபி ஏறும். ஐபுப்ரோஃபென் வலி மாத்திரையும் ஏற்றும், டெல்மிசார்டானோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் படுத்தும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பாதிக்குமேல் பொட்டாசியம் குளோரைடு இருக்கலாம். டெல்மிசார்டான் ஏற்கெனவே பொட்டாசியத்தைத் தேக்குகிற மருந்து, அந்த உப்பு உங்களுக்கு வேண்டாம். குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண்கள் பெயர் 'சார்டான்' என்றோ 'ப்ரில்' என்றோ முடிகிற மருந்துகளை எடுக்கக் கூடாது, முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும்.

செலவு என்று பயப்படுகிறீர்கள். இவை எல்லாம் காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள். கையைக் கடிப்பது மாத்திரையை விட டாக்டர் கட்டணமும் ரத்தப் பரிசோதனையும். அதனால் ஒரே தடவையில் மூன்று மாதச் சீட்டு கேளுங்கள். இரண்டும் சேர்ந்த மாத்திரை விலை கூடுதலாகத் தெரிந்தால் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், பல இடங்களில் அது மலிவு. காப்பீட்டுப் படிவத்தில் பிபியை மறைக்காதீர்கள், பின்னால் பெரிய செலவு வரும்போது அதைக் காட்டித்தான் கையை விரிப்பார்கள். பெரிய டோஸ் வாங்கிப் பாதியாக உடைப்பது நடுவில் கோடு போட்ட சாதா மாத்திரைக்கு மட்டும், அதுவும் ஃபார்மசிஸ்ட்டைக் கேட்டு. நிஃபெடிபின் மாதிரி மெதுவாகக் கரைகிற வகையை உடைத்தால் நாள் முழுக்கப் போக வேண்டியது ஒரேயடியாகப் போய்விடும்.

நம்மவர்களிடம் ஒரு வியாதி, ஜெனரிக் என்றாலே, அதாவது காப்புரிமை முடிந்தபின் வேறு கம்பெனிகள் செய்கிற அதே மருந்து என்றாலே, மட்டம். ஜெனரிக்கை அங்கீகரிக்க வைத்திருக்கிற 80-லிருந்து 125 சதவீதம் என்ற கணக்கைக் கேட்டுவிட்டு, மருந்தே அவ்வளவு கூடக் குறைய இருக்கும் என்று பரப்புகிறார்கள். அது அசல் மருந்தோடு ஒப்பிட்டு, ரத்தத்தில் சேரும் அளவின் சராசரிக்கு வைத்த புள்ளியியல் வரம்பு, சோதனைப் பிழைக்கும் இடம் விட்டுக் கணக்கிட்ட இடைவெளி முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதால் சராசரி வித்தியாசம் சின்னதாகத்தான் இருக்கும். அதே ஆட்கள் யாராவது ஊருக்குப் போனால் பை நிறைய மாத்திரை சொல்லி அனுப்புவார்கள். 2018-இல் சில வால்சார்டான் மாத்திரைகளில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் அபாயமுள்ள மாசு இருந்ததால் பல நாடுகளில் பேட்ச் எண் சொல்லித் திரும்ப வாங்கினார்கள். ஊரிலிருந்து யாரோ பெட்டியில் கொண்டுவந்த மாத்திரைக்கு அந்தத் தகவல் யார் மூலம் வரும்?

கிளம்புவதற்கு முன் ஒரு வாரம், இறங்கிய பின் ஒரு வாரம், மேல்கையில் கட்டுகிற மெஷினில் அளந்து எழுதுங்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து பேசாமல் உட்கார்ந்து, கை நெஞ்சளவில், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும். கையில் கட்டுகிற பட்டை சின்னதாக இருந்தால் பொய்யாகக் கூட்டிக் காட்டும். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். 135/85-க்கு மேல் நின்றால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.

விமானத்தில் நேரம் குழம்புமே என்று கவலை வேண்டாம். அம்லோடிபின் உடம்பில் பாதியாகவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும், டெல்மிசார்டானுக்குச் சுமார் 24. சில மணி முன்னே பின்னே ஆனால் ஒன்றும் ஆகாது, இறங்குகிற ஊரின் காலை நேரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். விட்டதற்குச் சேர்த்து இரண்டு போடக் கூடாது. மெட்டோப்ரோலால் மாதிரி இதயத் துடிப்பை மட்டுப்படுத்துகிற பீட்டா பிளாக்கரும் சாப்பிடுகிறவர் என்றால் ஒரு நாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது, துடிப்பும் பிபியும் எகிறும். அதனால் மாத்திரையும் டாக்டர் கடிதமும் கைப்பையில் வரட்டும். ஸ்வெட்டர் பெட்டியில் போகட்டும், அது தொலைந்தால் நாலு நாள் நடுங்குவதோடு சரி.