ரூஸ்வெல்ட்டின் நியூ டீல் பெருமந்தத்தை எந்த அளவுக்குத் தணித்தது?

1930களின் பொருளாதார மந்தத்திலிருந்து அமெரிக்காவை மீட்டது, அதிபர் ரூஸ்வெல்ட் 1933 முதல் கொண்டுவந்த நிவாரண, சீர்திருத்தத் திட்டங்களான நியூ டீலா, இரண்டாம் உலகப் போரா என்று கேட்டிருக்கிறீர்கள். நியூ டீல் மந்தத்தைப் பெருமளவு தணித்தது, ஆனால் முடித்துவைக்கவில்லை என்பதே என் பதில். ‘போர்தான் காப்பாற்றியது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள், 1933 முதல் 1937 வரை நடந்ததைப் பார்க்க மறுக்கிறார்கள்.

1933 மார்ச் 4 அன்று ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது உழைப்பாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் அடுத்தடுத்துச் சரிந்துகொண்டிருந்தன. இரண்டே நாளில் நாடு முழுவதும் வங்கிகளுக்கு விடுமுறை விட்டார். 9ஆம் தேதி அவசர வங்கிச் சட்டம் வந்தது. 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, வானொலியில் பேசினார். நீங்கள் போட்ட பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் பத்திரங்களாகவும் வெளியே விடுகிறது, எனவே எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் எந்த வங்கியாலும் தர முடியாது என்று பாமரருக்கும் புரியும்படி விளக்கினார். மறுநாள் முதல் வங்கிகள் படிப்படியாகத் திறந்தபோது, வீட்டில் பதுக்கிய பணத்தை மக்கள் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். 1934 தொடக்கத்தில் 2,500 டாலர் வரையிலான வைப்புத்தொகைக்குக் காப்பீடு கிடைத்தது. 1933இல் சுமார் 4,000 வங்கிகள் முடங்கின. அடுத்த ஆண்டு, காப்பீடு பெற்ற வங்கிகளில் முடங்கியவை 9 மட்டுமே. அரசுத் தலையீட்டின் பலனை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணங்கள் அரிது.

அதிகம் பேசப்படாத இன்னொன்று தங்கம். அவுன்ஸ் 20.67 டாலர் என்று அரசு நிர்ணயித்திருந்த விலையை 1934 ஜனவரியில் 35 டாலராக உயர்த்தினார்கள். வெளிநாட்டுத் தங்கம் வந்து குவிய, பணப்புழக்கம் பெருகியது. மீட்சிக்கு முதன்மைக் காரணம் இதுதான் என்பது பொருளியல் அறிஞர் கிறிஸ்டினா ரோமரின் வாதம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஏனெனில் அரசுச் செலவு, பள்ளத்தின் ஆழத்தோடு ஒப்பிட்டால், சிறியது. மத்திய அரசு ஒரு கையால் செலவழித்தபோது மாநிலங்களும் உள்ளாட்சிகளும் வரியை உயர்த்தின.

1937ஐத்தான் நான் முக்கியச் சான்றாகக் கொள்கிறேன். மீட்சி வந்துவிட்டது என்று நம்பி அரசு செலவைக் குறைத்தது. மத்திய வங்கி, வங்கிகள் கையிருப்பில் வைக்க வேண்டிய தொகையை இரு மடங்காக்கியது. பொருளாதாரம் மீண்டும் சரிந்தது, வேலையின்மை 1938இல் 19 சதவீதத்தைத் தொட்டது. மருந்தை நிறுத்தியதும் காய்ச்சல் திரும்பியது என்றால், மருந்து வேலை செய்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்?

அந்த வேலையின்மைக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1937க்கு வழக்கமாகச் சொல்லப்படும் 14 சதவீதத்தில், அரசுத் திட்டங்களில் சாலையும் பள்ளிக்கூடமும் கட்டிக் கூலி வாங்கியவர்களும் அடக்கம். அவர்களை வேலையில் இருப்பவர்களாக எண்ணினால் அது சுமார் 9 சதவீதம்தான். நாள் முழுவதும் மண்வெட்டி பிடித்தவரை வேலையற்றவர் என்று எழுதுவது நியாயமே இல்லை. வேலையின்மையை 1944இல் 1.2 சதவீதத்துக்கு இறக்கியது போர்தான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் அரசு கடன் வாங்கிச் செய்த செலவுதான். ஆள்சேர்ப்பும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைப் படைக்கு இழுத்துக்கொண்டது.

யாருக்குத் தணிந்தது என்பதையும் கேட்க வேண்டும். விலையை ஏற்றுவதற்காக 1933 கோடையில் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியைச் செடியோடு உழுது அழித்தார்கள். அதற்கு அரசு தந்த இழப்பீட்டுப் பணம் பெரும்பாலும் நில உரிமையாளர் கையோடு நின்றது. சாகுபடி சுருங்கியதும் விளைச்சலில் பங்கு தந்து பிறர் நிலத்தில் பயிரிட்ட ஏழைகள், கறுப்பினத்தவரும் வெள்ளையரும், நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விலக்கிவைத்தது. தெற்கில் கறுப்பினத்தவர்களில் பெரும்பாலோர் செய்தது இந்த இரண்டு வேலைகளைத்தான். அவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வர 1950களின் திருத்தங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.