பைபிள்ல இல்லாத பைபிள் பெண்கள்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, மகதலேனா மரியாள் விபச்சாரியா இருந்து திருந்துனவங்கன்னு சின்ன வயசுலேருந்து பிரசங்கத்துல கேக்குறோம். எந்த அதிகாரம்?

பதில்: எந்த அதிகாரத்துலயும் இல்லம்மா. லூக்கா 8-ல அவங்கள விட்டு ஏழு பேய் போச்சுன்னு இருக்கு, அவ்ளோதான். அதுக்கு முந்தின அதிகாரத்துல பேர் சொல்லாத ஒரு பாவியான பொண்ணு வந்து இயேசு கால்ல அழுது கூந்தலால துடைச்சு தைலம் பூசுறா, யோவான்ல பெத்தானியா மரியாளும் தைலம் பூசுறாங்க, 591 வாக்குல ரோம்ல போப் பெரிய கிரிகோரி ஒரு பிரசங்கத்துல இந்த மூணு பேரும் ஒரே ஆள்தான்னு முடிச்சுட்டாரு. ஏழு பேய்னா எல்லா துர்குணமும்தான்னு விளக்கம் வேற. அதோட விட்டாரா, அந்த தைலம்கூட முன்னாடி தப்பு வழியில போறப்ப உடம்புல பூசிக்கிட்டதுதானாம்! லூக்காவுல இதெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. கிழக்கு சபைகள் இத ஏத்துக்கவே இல்ல, கத்தோலிக்க சபை 1969 காலண்டர் திருத்தத்துலதான் இவங்கள வேற வேற ஆளா பிரிச்சுச்சு.

கேள்வி: அப்ப இடைக்காலத்துல அவங்கள கேவலமாதான் பேசுனாங்களா சார்?

பதில்: அதான் இல்ல. அதே ஆளுங்கதான் "அப்போஸ்தலர்களுக்கே அப்போஸ்தலர்"னும் கொண்டாடுனாங்க. 13-ம் நூற்றாண்டு 'பொற்கதைகள்'ங்கிற புனிதர் கதைத் தொகுப்புல, சுக்கான் இல்லாத படகுல தள்ளிவிட்டு அவங்க பிரான்ஸ் மார்செய்ல கரையேறி பிரசங்கம் பண்றாங்க, அப்புறம் 30 வருஷம் தனியா தவம், தினமும் ஏழு வேளை தேவதூதர்கள் வந்து மேல தூக்கிட்டுப் போறாங்க. தவம் பண்ற பகுதி எகிப்து மரியாள்ங்கிற இன்னொரு புனிதையோட கதையிலேருந்து ஒட்டிக்கிட்டது. படங்கள்ல முடியாலேயே உடம்ப மூடி நிக்கிறாங்களே, அந்த ரூட்டுதான்.

கேள்வி: ஆதாமுக்கு முதல் பொண்டாட்டி லிலித்னு ரீல்ஸ்ல பார்த்தேன். உண்மையா ப்ரோ?

பதில்: ஆதியாகமத்துல இல்ல ப்ரோ. 8-லேருந்து 10-ம் நூற்றாண்டுக்குள்ள வந்த 'பென் சீராவின் அகரவரிசை'ன்னு ஒரு எபிரேய நூல், பாதி கேலி கிண்டல், அதுல வருது. நானும் மண்ணு நீயும் மண்ணு, நான் ஏன் கீழன்னு சண்டை போட்டுப் பறந்து போயிடுறா. லிலித் ஒரு பேய்ங்கிற நம்பிக்கை மட்டும் அதுக்கு ரொம்ப முந்தினது.

கேள்வி: போத்திபார் மனைவி பேரு சுலைகாவா?

பதில்: ஆதியாகமத்துல யோசேப்ப அடிமையா வாங்குன எகிப்து அதிகாரிதான் போத்திபார், அவர் மனைவி யோசேப்ப மயக்கப் பார்த்தவ. பைபிள்லயும் அவ பேர் இல்ல, குர்ஆன்லயும் இல்ல, பேரு பின்னாடி வந்தது. ஆனா குர்ஆன் 12-வது சூராவுல ஒரு சூப்பர் சீன் இருக்கு. அந்தம்மாவப் பத்தி ஊர்ல பொம்பளைங்க பேச, விருந்துக்கு கூப்பிட்டு ஆளுக்கொரு கத்தி குடுத்து, யூசுப்ப (யோசேப்புதான்) வெளிய வரச் சொல்றா, அவரோட அழகுல மயங்கி அந்தப் பொம்பளைங்க கையையே அறுத்துக்கிறாங்க. யூதர்களோட வேத விளக்க நூலான மித்ராஷ்லயும் இதே கதை உண்டு. அப்புறம் 1483-ல பாரசீகக் கவிஞர் ஜாமி மொத்தமா திருப்பிப் போட்டாரு. சின்ன வயசுலயே கனவுல யூசுப்பப் பார்த்து, அவருன்னு நம்பி வேற ஆளக் கட்டிக்கிட்டு, கிழவியாகி கண்ணும் போயி, கடைசில இளமை திரும்பி அவரையே கல்யாணம் பண்றா. ஆதியாகமத்துல வில்லி, இங்க கடவுளத் தேடுற ஆத்மா. எனக்கு ஜாமியோட சுலைகாதான் புடிக்கும், சண்டைக்கு வராதீங்க.

கேள்வி: மாதாவோட அப்பா அம்மா சுவக்கீன், அன்னம்மாள், இதாவது பைபிள்ல இருக்கா?

பதில்: இல்லீங்க, அதுவும் பைபிள்ல சேராத 2-ம் நூற்றாண்டு நூல் 'யாக்கோபின் முதல் நற்செய்தி'லதான் வருது. மூணு வயசுல மாதாவ கோயில்ல விட்டதும் பீடத்துப் படியில குழந்தை டான்ஸ் ஆடுச்சுன்னு அதுல இருக்கு, படிச்சுப் பாருங்க.