வேலை தெரியாத மாணவர்களையும் பாஸ் போடச் சொல்வார்களா?

கேள்வி: பெங்களூரில் ஒரு திறன் பயிற்சி மையத்தில் எலக்ட்ரீஷியன் பயிற்றுநராகச் சேரப் போகிறேன். வேலை தெரியாத பையன்களையும் பாஸ் போடச் சொல்வார்கள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். ஆனால் யாரும் வாய்விட்டு அப்படிச் சொல்ல மாட்டார்கள். "பையன் பாவம் சார், கொஞ்சம் பாத்துப் போடுங்க." அவ்வளவுதான் வரும். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கத்துத் தனியார் மையங்களில் பல வருஷமாக இந்த டிரேடைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

காரணம் பணம். 2015-ல் ஆரம்பித்த பிரதமர் கௌஷல் விகாஸ் என்ற மத்திய அரசுத் திறன் பயிற்சித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் (2016–20) பயிற்சிக் கட்டணம் அரசிடமிருந்து மையத்துக்கு மூன்று தவணையாக வந்தது. பேட்ச் தொடங்கினால் 30%, சான்றிதழ் வாங்கினால் 50%, வேலை கிடைத்தால் 20%. ஒரு பையன் ஃபெயில் ஆனால் பாதிப் பணம் போச்சு. கட்டட வாடகை, நம்ம சம்பளம் எல்லாம் அதில்தான். ஓனருக்கு வயிறு எரியாதா?

ஐடிஐ வேறு கதை. அங்கே செய்முறைக்கு 60%, மற்ற பாடங்களுக்கு 33%, வருகை 80% வேண்டும். வருகைப் பதிவேட்டிலேயே கைவைக்கச் சொல்வதாக அங்கிருக்கும் நண்பர்கள் புலம்புவார்கள்.

"லைட் எரியுதுல்ல சார், அப்புறம் என்ன?" இதுதான் எனக்கு ஆகாத பேச்சு. சுவிட்சை ஃபேஸில் (கரண்ட் வரும் வயரில்) போடாமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயரில்) போட்டாலும் லைட் எரியும், அணையும். ஒரே நாளில் மொத்த பேட்சையும் முடிக்க வரும் அசெஸர், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், அதோடு அடுத்த போர்டுக்குப் போய்விடுவார். சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டு ஹோல்டர் பின்னில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், பளிச்சென்று எரியும். நாளைக்கு யாரோ ஒரு வீட்டம்மா, சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி அந்த பல்பை மாற்றக் கை வைப்பார்.

ஓனரையாவது எதிர்த்துப் பேசலாம். ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்து, "ஃபெயில்னு போட்டா அவன் மறுபடி மூட்டை தூக்கத்தான் போவான் சார்" என்று நிற்கும்போது என்ன சொல்வீர்கள்? அவன் சோம்பேறி இல்லை. பத்துப் பேருக்கு ஒரு போர்டு, காப்பர் விலைக்குப் பயந்து திரும்பத் திரும்ப அதே துண்டு வயர். அவன் கையால் முழு சர்க்யூட் போட்டதே இல்லை. மையம் கற்றுக்கொடுக்காததை அந்த பாஸ் மார்க் மூடி மறைக்கிறது. பீன்யா கம்பெனியில் சூப்பர்வைசர் மோட்டாரை ஓட்டும் ஒரு டிஓஎல் ஸ்டார்ட்டரை நீட்டி "கனெக்‌ஷன் குடு" என்றதும் சாயம் வெளுத்துவிடும். அப்போது அவமானம் பையனுக்குத்தான், மையத்துக்கு இல்லை.

அதனால் பரீட்சை நாள் வரை காத்திருக்காதீர்கள். வாராவாரம் ஒரு செய்முறை வைத்து, மார்க் போட்டு, பையனிடமே கையெழுத்து வாங்குங்கள். தேறாதவர் பட்டியலை ஒரு மாதம் முன்பே ஓனர் மேசையில் வையுங்கள். அப்போது பேச்சு ஒரு சுருள் வயர், சனிக்கிழமை சாயங்கால வகுப்பு என்று போகும். பெரும்பாலான ஓனர்கள் முணுமுணுத்துக்கொண்டாவது ஒத்துக்கொள்வார்கள். கடைசி நாளில் போனால் மார்க்கைத் தவிர பேச ஒன்றும் இருக்காது.

சேரும் முன் லேபைக் காட்டச் சொல்லுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுத்தால் வேறு இடம் தேடுங்கள்.