விளிம்பில் பிறக்கும் விண்மீன்கள்

கேள்வி: சூரியன் பிறந்து 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பின் எத்தனையோ விண்மீன்கள் வெடித்துச் சிதறியிருக்கும். அப்படியானால் பால்வீதியின் வெளிப்பகுதியில் இன்று பிறக்கும் விண்மீன்களில் ஆக்சிஜனும் இரும்பும் சூரியனைவிட மிகுந்திருக்க வேண்டும் அல்லவா?

பதில்: இல்லை, குறைவாகவே இருக்கின்றன. விண்மீனின் சேர்மானத்தை அது பிறந்த காலம் மட்டுமன்றி, பிறந்த இடமும் தீர்மானிக்கிறது. பால்வீதியின் உட்பகுதியில் வாயு அடர்ந்திருந்ததால், தலைமுறை தலைமுறையாக விண்மீன்கள் தோன்றி மடிந்து ஆக்சிஜன், இரும்பு போன்ற கன தனிமங்களைப் பெருக்கிவிட்டன. மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள நம்மையும் தாண்டி வெளியே செல்லச் செல்ல, வாயு அடர்த்தி குன்றி விண்மீன் பிறப்பும் அருகுகிறது. ஒளி சீராகக் கூடிக் குறையும் செஃபீடு விண்மீன்களை ஆராய்ந்ததில், ஒவ்வொரு 3,000 ஒளியாண்டுக்கும் இரும்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துகொண்டே போவது தெரிகிறது.

முதிய விண்மீன்கள் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் நகர்ந்திருக்கக்கூடும் என்பதால், ஓரிடத்து வாயுவின் இன்றைய நிலைக்கு இளம் விண்மீன்களே நம்பகமான சாட்சிகள். ஆனால் அந்தச் சாட்சியத்தைப் படிப்பது எளிதன்று. வெப்பமிக்க பி வகை விண்மீனின் நிறமாலையில், அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில், 455 நானோமீட்டருக்கு அருகே தெரியும் சிலிக்கான் கோடு மெலிந்திருந்தால், சிலிக்கான் குறைவு என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. வெப்பநிலை மாறினாலும் அக்கோடு மெலியும். மோனோசெரஸ் விண்மீன் குழுவின் திசையில், நம்மிடமிருந்து சுமார் 15,000 ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள டோலிட்ஸே 25 என்ற இளம் விண்மீன் கொத்தை முதலில் ஆராய்ந்தவர்கள் அதைக் கன தனிமங்களில் மிகமிக ஏழ்மையானது என்றார்கள். 2015-இல் வெளிவந்த மறு ஆய்வோ, சூரியனோடு ஒப்பிட்டால் சிலிக்கான் பாதியளவும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்கும் இருப்பதாகத் திருத்தியது. அதுவும் குறைவுதான், ஆனால் முன்பு சொன்ன அளவுக்கு இல்லை.

இன்னும் வெளியே, மையத்திலிருந்து 58,000 ஒளியாண்டுக்கும் அப்பால், டிகெல் மேகங்கள் எனப்படும் வாயுத் திரள்களில் இப்போதும் விண்மீன்கள் பிறக்கின்றன. அங்குள்ள இளங்கொத்துகளை ஜப்பானின் சுபாரு தொலைநோக்கியால் ஆராய்ந்தவர்கள், விண்மீனைச் சுற்றிக் கோள்கள் உருவாவதற்கான வாயு, தூசு வட்டுகள் அவற்றில் நம் பக்கத்தைவிட விரைவாகவே கலைந்துவிடுவதாகக் கண்டார்கள். கோள் உருவாக்கத்துக்கு இது பெரிய தடை என்றே நினைக்கிறேன்.

ஆயினும் வேதியியல் அங்கே முடங்கிவிடவில்லை. மையத்திலிருந்து சுமார் 62,000 ஒளியாண்டிலுள்ள டபிள்யூபி89-789 என்ற இடத்தில், பிறந்துகொண்டிருக்கும் விண்மீனைச் சூழ்ந்த வெப்ப வாயுவில் ஒன்பது அணுக்கள் வரை கொண்ட கரிம மூலக்கூறுகளை சிலி நாட்டிலுள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கி வழியே 2021-இல் கண்டறிந்தார்கள். எளிய ஆல்கஹாலான மெத்தனாலோடு ஒப்பிடும்போது அவற்றின் விகிதம் பால்வீதியின் உட்பகுதியில் காண்பதை ஒத்தே இருக்கிறது.